கடலில்லாத ஊரில் சிலியா பார்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளும், அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தாங்களும் நுண்ணோக்கியில் கண் வைக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பொருள், சிறு கடல் விலங்குகளின் சிலியா. பாடப்புத்தகம் அரைப்பக்கத்தில் முடித்துவிடும் விஷயம் இது. அந்த அரைப்பக்கத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பதில்களில் அது ஆங்காங்கே தெரியும்.

சிலியா என்பது என்ன?

உயிரணுவின் மேற்பரப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இழை. பாடநூல்களில் குறுஇழை என்று படித்திருப்பீர்கள். தடிமன் ஏறத்தாழ 0.25 மைக்ரோமீட்டர், நீளம் பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே இருநூறுக்கு மேல் அடுக்கலாம். முடி உயிரற்றது, வேரிலிருந்து தள்ளப்பட்டு வளர்வது. சிலியாவோ உயிரணுவின் சவ்வையே போர்த்திக்கொண்டு, உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும் உறுப்பு. அசையாமல் நின்று உணர்வதை மட்டும் செய்கிற சிலியாவும் உண்டு. இங்கே பேசப்போவது அசையும் வகையைப் பற்றி.

இதைப் பார்க்கக் கடற்கரைக்குப் போக வேண்டாமா?

போனால் நல்லது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நம் ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதி வெள்ளாற்றில் கலந்து, அந்த மையம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடலில் சேர்கிறது. ஆற்றுக்குத் தெரிந்த வழி நமக்கும் தெரிந்திருக்கலாம்.

ஆனால் அவசியம் இல்லை. கடல் மட்டியின் செவுளில் இருக்கும் அதே சிலியாதான் ஏரிச் சேற்றில் கிடக்கும் நன்னீர் மட்டியின் செவுளிலும் இருக்கிறது. ஏற்காட்டுப் பாசியில் வாழும் நுண்விலங்கின் தலையிலும் அதுவே. கடலில் தொடங்கிய உயிர்கள் உப்புநீரை விட்டு வெளியே வந்த பிறகும் இந்த அமைப்பை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டிருக்கின்றன. சேலத்தில் உட்கார்ந்து கடல் உயிரியலின் ஒரு பெரிய அத்தியாயத்தைப் படித்துவிடலாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இழைக்குள் என்ன இருக்கிறது?

குறுக்கே வெட்டி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு வட்டம். வட்டத்தின் ஓரத்தில் ஒன்பது இரட்டைக் குழல்கள், நடுவில் தனித்தனியாக இரண்டு குழல்கள். 9+2 என்று மனப்பாடம் செய்வது இதைத்தான். 1954இல் டான் ஃபாசெட், கீத் போர்ட்டர் இருவரும் மெல்லுடலி, தவளை, பாலூட்டி ஆகியவற்றின் சிலியாவை வெட்டிப் பார்த்து, எல்லாவற்றிலும் ஒரே அமைப்பு என்று காட்டினார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஐரீன் மான்டன் பாசித் தாவரம் ஒன்றின் விந்தணு வாலிலும் இதையே கண்டிருந்தார். பாசிக்கும் மட்டிக்கும் தவளைக்கும் ஒரே கணக்கு.

ஒவ்வொரு இரட்டையிலும் ஒரு குழல் முழுமையானது. அதன் சுவரில் 13 புரதச் சரங்கள் இருக்கும். மற்றது அதன் மேல் சாய்த்து ஒட்டிய அரைக்குழல். அதில் 10 சரங்கள். முழுக்குழலிலிருந்து பக்கத்து இரட்டையை நோக்கி இரண்டு வரிசைக் கைகள் நீண்டிருக்கும். அந்தக் கைகள் டைனீன் என்ற புரதம். இரட்டைகளை ஒன்றோடொன்று கட்டி வைக்கும் இணைப்புகளும், ஓரத்திலிருந்து நடுக்குழல்களை நோக்கிப் போகும் ஆரங்களும் உண்டு. இழையின் அடியில், உயிரணுவுக்குள் புதைந்து, ஒன்பது மூன்றடுக்குக் குழல்களாலான ஓர் உருளை இதையெல்லாம் தாங்குகிறது.

சிலியாவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் கிடையாது. தேவையான ஒவ்வொரு உதிரிப்பாகமும் அடியிலிருந்து நுனிக்கு ஏற்றிச் செல்லப்பட வேண்டும். அந்தப் போக்குவரத்தை 1993இல்தான் ஒரு பச்சைப்பாசியின் கசையிழையில் (அதுவும் இதே அமைப்புள்ள நீண்ட இழைதான்) முதன்முதலாகக் கண்டார்கள். நான் கல்லூரியில் படித்த புத்தகத்தில் அது இல்லை. இன்றும் சில வழிகாட்டி நூல்களில் இல்லை என்பதுதான் வருத்தம்.

குழல்கள் சுருங்குவதால்தான் இழை வளைகிறதா?

இல்லை. விடைத்தாள்களில் அதிகம் காணும் தவறு இது.

குழல்களின் நீளம் மாறுவதே இல்லை. அவை ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன. 1960களில் பீட்டர் சாட்டிர் நன்னீர் மட்டியின் செவுளை எடுத்து, சிலியாவின் நுனிகளை மட்டும் கவனமாகப் பார்த்தார். கவனியுங்கள், நன்னீர் மட்டி. இழை ஒரு பக்கம் வளைந்திருக்கும்போது சில இரட்டைகள் நுனியில் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும்போது வேறு சில. சுருக்கம் நடந்திருந்தால் நுனியில் இந்த மாற்றம் வேறு மாதிரி இருந்திருக்கும். சறுக்கல் என்று அவர் முடிவு செய்தார்.

நேரடிச் சாட்சி 1971இல் கிடைத்தது. கீத் சம்மர்ஸ், இயன் கிப்பன்ஸ் இருவரும் கடல் முள்ளெலி என்ற, முட்கள் சூழ்ந்த உருண்டைக் கடல் விலங்கின் விந்தணு வால்களை எடுத்து, சவ்வை நீக்கி, டிரிப்சின் நொதியால் குழல்களுக்கிடையே உள்ள கட்டுகளைச் சிறிது நேரம் அரித்தார்கள். பிறகு உயிரணுக்கள் ஆற்றலுக்குச் செலவழிக்கும் ஏடிபி என்ற வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். வளைவதற்குப் பதிலாக, குழல்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே நீண்டன. மொத்தம் முதலில் இருந்ததைப்போலப் பல மடங்கு நீளமானது. டைனீனுக்கு 1965இல் பெயர் வைத்தவரும் இந்தக் கிப்பன்ஸ்தான்.

இதிலிருந்து விடை தானாக வருகிறது. டைனீன் கைகள் ஏடிபியின் ஆற்றலைச் செலவழித்துப் பக்கத்துக் குழலைப் பிடித்துத் தள்ளுகின்றன. கட்டுகள் அறுந்திருந்தால் குழல் சறுக்கிப் போய்விடும். கட்டுகள் இருந்தால், அடியும் பூட்டியிருந்தால், போக வழியில்லாத சறுக்கல் வளைவாக மாறுகிறது. ஒன்பது இரட்டைகளின் டைனீனும் ஒரே நேரத்தில் இழுத்தால் இழை விறைத்து நிற்கும். ஒரு பக்கத்துக் கைகள் வேலை செய்யும்போது எதிர்ப்பக்கம் ஓய்ந்திருக்க வேண்டும். அந்த முறைமாற்றத்தில் நடுக்குழல்களுக்கும் ஆரங்களுக்கும் பங்கு உண்டு.

முன்னும் பின்னும் ஆடினால் நீர் ஒரே பக்கமாக எப்படி நகரும்?

அருமையான கேள்வி. இதை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். முதுகலை மாணவர்கள் கேட்டதில்லை.

நமக்குத் தண்ணீர் இலேசானது. நீச்சலில் கை வீசுவதை நிறுத்தினாலும் கொஞ்ச தூரம் மிதந்து போவோம். சில மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒன்றுக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே நிறையின் உந்தம் ஒன்றுமே இல்லாமல் போய், நீரின் பிசுக்கு மட்டும் ஆள்கிறது. இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்குப் போட்டார்: நீந்திக்கொண்டிருக்கும் பாக்டீரியா உந்துவதை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலம்கூட நகர்வதற்குள் நின்றுவிடும். அதே கட்டுரையின் இன்னொரு முடிவு நம் கேள்விக்கு நேரானது. போன வழியிலேயே அப்படியே திரும்பி வரும் அசைவு, வேகமாகப் போய் மெதுவாகத் திரும்பினாலும், அந்த உலகில் எதையும் நகர்த்தாது. போனது வந்ததில் கழிந்துவிடும்.

ஆகவே சிலியா போகும்போது ஒரு வடிவம், திரும்பும்போது வேறு வடிவம் எடுக்கிறது. வினை வீச்சில் இழை விறைப்பாக நிமிர்ந்து, அடியிலிருந்து நுனிவரை முழு நீளத்தோடு நீரைத் தள்ளும். மீள் வீச்சில் அடியில் மடங்கி, அந்த மடிப்பு நுனியை நோக்கி நகர, உயிரணுவின் மேற்பரப்பை ஒட்டித் தவழ்ந்து திரும்பும். பரப்பை ஒட்டியுள்ள நீர் அந்தப் பரப்போடு பிடித்து நிற்பதால், தாழ்வாக வரும் இழை மிகக் குறைந்த நீரையே பின்னுக்கு இழுக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிகர ஓட்டம். இது வினாடிக்குப் பத்து, இருபது முறை நடக்கிறது.

ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாதா?

எல்லாம் ஒரே கணத்தில் அடித்தாலும் சிக்கல். தோன்றியபடி அடித்தாலும் சிக்கல். நடப்பது வேறு: ஒவ்வோர் இழையும் பக்கத்து இழையைவிடச் சற்றே பிந்தி அடிக்கிறது. அதனால் பரப்பின் மேல் ஓர் அலை ஓடுகிறது. மழைக்காலத்தில் ஏற்காட்டுச் சாலையில் மரவட்டை ஊர்ந்து போவதைக் குனிந்து பாருங்கள். கால்வரிசையில் ஓடும் அலை இதே ஒழுங்கில் பிறப்பதுதான்.

அலை ஓடும் திசையும் வீச்சின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சில விலங்குகளில் இரண்டும் ஒரே பக்கம், சிலவற்றில் எதிரெதிர், சிலவற்றில் குறுக்கே. நைட்-ஜோன்ஸ் 1954இல் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் சூட்டினார். மட்டியின் செவுளில் பக்க சிலியாவின் அலை வீச்சுக்குக் குறுக்கே ஓடுவது. எனவே அலை ஓடும் பக்கம்தான் நீரும் ஓடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். நீரில் ஒரு துகளைப் போட்டு, அது எங்கே போகிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மட்டியின் செவுளில் என்னென்ன பார்க்கலாம்?

என் வீட்டு மேசையில் அதிக நேரம் பிடிப்பது இதுதான்.

ஓட்டைத் திறந்ததும் மடல்போல இருபுறமும் தொங்குவது செவுள். அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டைக் கத்தரித்து, மட்டியின் உள்ளே தேங்கியிருக்கும் நீரிலேயே கண்ணாடிச் சில்லின் மேல் வைக்க வேண்டும். மூடுகண்ணாடிக்கு அடியில் ஒரு தலைமுடித் துண்டை வைத்தால் திசு நசுங்காது. பத்து மடங்குப் பொருளருகு வில்லையில், இணையாக ஓடும் கம்பிகள் போன்ற இழைத்தண்டுகள் தெரியும். நாற்பதுக்கு மாற்றி, ஒளித்திறப்பைக் குறுக்குங்கள். தண்டின் ஓரம் கொதிப்பது போலிருக்கும். வெட்டியெடுத்த துண்டு தானே கண்ணாடியில் ஊர்ந்து பார்வைப்புலத்தை விட்டு வெளியேறுவதும் உண்டு, பிள்ளைகள் கத்துவார்கள்.

தண்டின் இரு பக்கங்களில் இருக்கும் சிலியா நீரை இழுத்துச் செலுத்துகிறது. முன்விளிம்பில் இருப்பவை, கோழையில் ஒட்டிய உணவுத் துகள்களைச் செவுளின் ஓரத்துக் கால்வாய்க்குத் தள்ளி, அங்கிருந்து வாய்க்கு அனுப்புகின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள கற்றைகள் துகள்களைத் தப்பவிடாமல் மறிக்கின்றன. மூன்று கூட்டம், மூன்று வேலை. நடுத்தர அளவுள்ள ஒரு கடல் மட்டி இப்படி மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் நீரை வடிக்கும். நுணுக்கிய சாக்குக்கட்டித் தூளை ஒரு துளி நீரில் கரைத்து ஓரத்தில் விட்டால், துகள்கள் வரிசை பிடித்து ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

துண்டாக்கிய பிறகும் ஏன் அசைகிறது? உயிர் போகவில்லையா?

மட்டி பிழைக்காது. ஆனால் செவுளின் உயிரணுக்கள் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். அசைவுக்கு வேண்டிய இயந்திரமும் ஏடிபியும் ஒவ்வோர் உயிரணுவிலும் தனித்தனியே உண்டு. நரம்பு வந்து ஒவ்வொரு வீச்சுக்கும் ஆணையிடுவதில்லை.

நரம்பு செய்வது ஓட்டுவதும் நிறுத்துவதும். கடல் மட்டியின் செவுளில் பக்க சிலியாவை செரட்டோனின் இயக்குகிறது, டோபமைன் தடுக்கிறது. நம் மூளையைப் பற்றிய செய்திகளில் அடிபடும் அதே இரண்டு வேதிப்பொருள்கள். ஒற்றை உயிரணுவாலான பாராமீசியத்துக்கு நரம்பே கிடையாது. அது எதிலாவது முட்டினால் கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. உடனே வீச்சின் திசை தலைகீழாகி, பின்வாங்கி, வேறு பக்கம் திரும்புகிறது.

கடலில் சிலியாவால் நீந்துபவை எவை?

பெரும்பாலும் குழந்தைகள். வளைதசைப் புழு, சிப்பி, நத்தை, நட்சத்திர மீன், கடல் முள்ளெலி ஆகியவற்றின் லார்வாக்கள் மிதவையாக அலையும் பருவத்தில் சிலியா பட்டைகளால் நீந்தியும் உண்டும் வளர்கின்றன. ட்ரோக்கோஃபோர் லார்வாவின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. வெலிஜர் லார்வாவுக்கு இரண்டு இறக்கை போன்ற மடல்களின் விளிம்பில் நீண்ட சிலியா. மடல்களை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டால் ஓட்டின் எடையில் மூழ்கிவிடும். கடல் முள்ளெலியின் புளூட்டியஸ் லார்வாவில், உணவுத் துகள் வந்து தொடும் இடத்தில் மட்டும் சிலியா சில கணம் வீச்சைத் திருப்பி, துகளை வாய்ப்பக்கம் தள்ளுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பிளாட்டினெரிஸ் என்ற கடல் புழுவின் லார்வா. அதன் கண்ணில் இரண்டே உயிரணுக்கள்: ஒன்று ஒளியை உணர்வது, மற்றது நிழல் தருவது. ஒளி உணரும் உயிரணுவின் நரம்பிழை மூளை வழியாகச் சுற்றாமல் நேராகச் சிலியா பட்டைக்கே போய்ச் சேர்கிறது என்று கேஸ்பார் யேகேலியும் அவருடைய குழுவினரும் 2008இல் காட்டினார்கள். ஒளி பட்ட பக்கத்துச் சிலியாவின் அடி மாற, லார்வா ஒளியை நோக்கித் திரும்புகிறது. கண்ணிலிருந்து துடுப்புக்கு ஒரே கம்பி.

நம் ஏரி மட்டி இந்த வழியைக் கைவிட்டுவிட்டது. ஆற்றில் மிதக்கும் லார்வா கடலுக்கு அடித்துச் செல்லப்படுமே! அதனால் அதன் குளோக்கிடியம் லார்வா மீனின் செவுளிலோ துடுப்பிலோ கவ்விக்கொண்டு வளர்கிறது.

சீப்பு ஜெல்லியில் ஓடும் வானவில் அதன் சொந்த ஒளியா?

அல்ல. சீப்பு ஜெல்லி கண்ணாடிபோன்ற உடலுள்ள கடல் விலங்கு. அதன் உடலில் எட்டு வரிசைகளாகச் சீப்புத் தட்டுகள் உண்டு. ஒவ்வொரு தட்டும் மில்லிமீட்டர் அளவுக்கு நீண்ட ஆயிரக்கணக்கான சிலியா ஒட்டிய கற்றை. நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கப்பட்ட அந்த இழைகளில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் நிறங்கள் பிரிகின்றன. தட்டுகள் அலையாக அடிப்பதால் நிறம் ஓடுகிறது. பல சீப்பு ஜெல்லிகள் இருட்டில் சொந்தமாகவும் ஒளிரும். அது வேறு கதை, நீலமோ பச்சையோ ஒரே நிறமாக இருக்கும். காணொளிகளில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

வாய்க்கு எதிர்முனையில் ஒரு சிறு கல்லை நான்கு சிலியாக் கற்றைகள் தாங்கி நிற்கின்றன. உடல் சாய்ந்தால் கல்லின் எடை ஒரு கற்றையின் மேல் கூடும். அந்தக் கற்றையோடு தொடர்புடைய இரண்டு சீப்பு வரிசைகளின் வேகம் மாறி உடல் நேராகிறது.

பெரிய விலங்குகள் ஏன் இப்படி நீந்துவதில்லை?

உடல் பெருக்கும்போது கன அளவு பரப்பைவிட வேகமாகக் கூடுகிறது. சிலியா இருப்பது பரப்பில். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகு பெரும்பாலான விலங்குகள் தசைக்கு மாறிவிடுகின்றன. சிலியாவால் நீந்தும் விலங்குகளில் மிகப் பெரியவை சீப்பு ஜெல்லிகளே.

இறாலுக்கும் நண்டுக்கும்?

நீந்துவதற்கான சிலியா அவற்றுக்கு இல்லை. கணுக்காலிகளின் லார்வாகூடக் கால்களை அடித்துத்தான் நீந்தும்.

ஏற்காட்டில் எதை, எங்கே தேடலாம்?

பாறையிலும் கல்சுவரிலும் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் பட்டையிலும் படர்ந்திருக்கும் பாசியை ஒரு சிட்டிகை எடுங்கள். தோட்டம் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். காய்ந்த பாசியானாலும் பரவாயில்லை. மழைநீரில் சில மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் துளியைப் பாருங்கள். குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வேறு வழியில்லையென்றால் ஒருநாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

தேட வேண்டியது ரோட்டிஃபர். உடலை நீட்டிச் சுருக்கி ஊர்ந்து வந்து, ஓரிடத்தில் பின்முனையை ஊன்றி, தலையிலிருந்து இரண்டு சிலியா வட்டங்களை வெளியே விரிக்கும். இரண்டு சக்கரங்கள் சுழல்வதாகவே தோன்றும். எதுவும் சுழலவில்லை, வட்டத்தைச் சுற்றி ஓடும் அலை கண்ணை ஏமாற்றுகிறது. சக்கரத்துக்கு நடுவே சுழிந்து இறங்கும் துகள்கள் உள்ளே அரைக்கப்படுவதும் தெரியும். காய்ந்தால் சுருண்டு கிடந்து, நனைந்தால் மீண்டும் எழும் இதன் வித்தையை டச்சு நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் 1700களின் தொடக்கத்திலேயே கூரைக் கால்வாயின் தூசியில் கண்டார். சைபீரிய உறைநிலத்தில் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் கிடந்த ரோட்டிஃபர்கள் உயிர்த்தெழுந்து இனம் பெருக்கியதாக 2021இல் ஆய்வு வெளியானது.

எந்த நுண்ணோக்கி வாங்குவது?

நானூறு மடங்கு காட்டும் சாதாரணக் கல்லூரி நுண்ணோக்கி போதும். மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு காட்டும். ரோட்டிஃபரின் சக்கரத்துக்கு அது தாராளம், செவுள் சிலியாவைத் தனித்தனியாகப் பார்க்கப் போதாது. 9+2 அமைப்பு எந்த ஒளி நுண்ணோக்கியிலும் இப்படித் தெளிவாகத் தெரியாது. தெரியும் என்று விற்பவரிடம் வாங்காதீர்கள்.

எங்கள் துண்டில் ஒன்றும் அசையவில்லையே?

சேலத்து ஏப்ரல் வெயிலில் விளக்குச் சூடும் சேர்ந்தால் நிற்கும். வெப்பம் கூடக் கூட வேகம் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் எல்லாம் அடங்கிவிடும். குளோரின் நீர், உப்பு நீர், ஓரம் காய்ந்த துளி ஆகியவையும் காரணமாகலாம். வெட்டிய செவுளில் பக்க சிலியா மட்டும் ஓய்ந்து, முன்விளிம்புச் சிலியா ஓடிக்கொண்டிருப்பதும் வழக்கம். வேறு தண்டைப் பாருங்கள்.

மனிதருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உங்கள் மூச்சுக்குழாயின் உட்சுவரில் இதே 9+2 இழைகள் தூசி ஒட்டிய கோழையைத் தொண்டைக்கு ஏற்றிக்கொண்டிருக்கின்றன. புகை பிடிப்பவர்களிடம் இவை பாதிக்கப்படுவதால்தான் காலை இருமல். பியோர்ன் அஃப்செலியஸ் 1976இல், தீராத சளியும் மலட்டுத்தன்மையும் உள்ள சிலரின் சிலியாவில் டைனீன் கைகள் இல்லாததைக் கண்டார். இந்தக் குறை உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும். கருவில் ஒரு சிறு குழியிலுள்ள சிலியா சுழன்று நீரை இடப்பக்கமாக ஓட்டுவதுதான் இடம் எது, வலம் எது என்பதைத் தீர்மானிக்கத் தொடங்குகிறது. அது ஓடாதபோது முடிவு பூவா தலையா ஆகிவிடுகிறது.

பார்த்து முடித்த மட்டியைச் சமைக்கலாமா?

வேண்டாம். ஏரியில் எது கலந்திருந்தாலும் வடித்துத் தன்னுள் சேர்த்து வைத்திருக்கும் பிராணி அது. கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். ஈயமும் காட்மியமும் கொதித்தால் போகாது.